ஆறு சந்திப்புகளில் என்ன நடக்கும்?

"பிலிக் பிம்பிங்ஙான் டான் கவுன்செலிங்" என்று எழுதிய கதவு உங்கள் பள்ளியிலும் இருக்கும். சிற்றுண்டிச்சாலைக்குப் போகும்போது தினமும் அதைக் கடந்து போவீர்கள். மேற்படிப்பு விவரம் கேட்கவோ ஆசிரியர் அனுப்பியதாலோ சிலர் உள்ளே போயிருக்கலாம். மனத்தில் உள்ளதைப் பேசுவதற்காகத் தாமாகவே அந்தக் கதவைத் தட்டியவர்கள் உங்களில் எத்தனை பேர்?

தயக்கத்துக்கு மாணவர்கள் சொல்லும் காரணங்கள் பழக்கமானவைதான். "கட்டொழுங்குப் பிரச்சினை உள்ளவர்கள் போகும் இடம் அது." "போனால் பைத்தியம் என்று பட்டம் கட்டிவிடுவார்கள்." "சொல்வதெல்லாம் அம்மா அப்பா காதுக்குப் போய்விடும்." மூன்றையும் கூர்ந்து பார்த்தால் அடியில் ஒரே விஷயம்தான் இருக்கிறது: உள்ளே என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியாது. பல் மருத்துவரிடம் போவதற்குக்கூட, அங்கே என்ன செய்வார்கள் என்று தெரிந்தால் பாதிப் பயம் போய்விடும். இதுவும் அப்படித்தான்.

இதைத் தெரிந்துகொள்ள இன்னொரு காரணமும் உண்டு. நம் நாட்டில் 2022ஆம் ஆண்டு நடத்தப்பட்ட தேசிய சுகாதார ஆய்வில், 13 முதல் 17 வயது வரையுள்ள மாணவர்களில் 26.9 விழுக்காட்டினரிடம் மனச்சோர்வின் அறிகுறிகள் காணப்பட்டன. நாற்பது பேர் உள்ள வகுப்பில் ஏறக்குறைய பத்துப் பேர். இவர்கள் எல்லாரும் நோயாளிகள் என்று பொருளில்லை. ஆனால் உங்கள் வரிசையில் உட்கார்ந்திருக்கும் ஒருவர், அல்லது நீங்களே, அந்தப் பத்துப் பேரில் ஒருவராக இருக்கலாம். அவர்களில் சிலருக்குச் சில வாரங்களில் முடிந்துவிடும் உதவியே போதுமானதாக இருக்கும். அதைத்தான் குறுகிய கால ஆலோசனை என்கிறார்கள். பொதுவாக நான்கு முதல் பன்னிரண்டு சந்திப்புகள். பல இடங்களில் ஆறு.

எண்ணிக்கை ஏன் குறைவு?

திரைப்படங்களில் வரும் உளவியல் சிகிச்சையில் ஒரு சாய்வு நாற்காலி இருக்கும். நோயாளி ஆண்டுக்கணக்கில் தம் சிறுவயதுக் கதையைச் சொல்லிக்கொண்டிருப்பார். உளவியலின் தொடக்கக் காலத்தில் உண்மை நிலையும் இதற்கு வெகு தூரத்தில் இல்லை.

1960களின் பிற்பகுதியில், அமெரிக்காவின் பாலோ ஆல்டோ நகரில் ஓர் ஆய்வுக்குழு வேறு வழியில் முயன்றது. அதிகபட்சம் பத்துச் சந்திப்புகள், தெளிவான ஒரு பிரச்சினை என்று வரம்பு வைத்துக்கொண்டு வேலை செய்தார்கள். 1978இல் மில்வாக்கி நகரில் ஸ்டீவ் டி ஷேசரும், கொரியாவில் பிறந்த இன்சூ கிம் பெர்க்கும் தொடங்கிய நிலையம் இன்னும் ஒரு படி மேலே போனது. "இந்தப் பிரச்சினை எப்படி வந்தது?" என்று தோண்டுவதைவிட, "இது கொஞ்சம் குறைவாக இருந்த நாளில் நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?" என்று கேட்பதே அவர்கள் வழக்கம்.

எத்தனை சந்திப்புகள் போதும் என்பதை அளந்து பார்த்தவர்களும் இருக்கிறார்கள். 1986இல் கென்னத் ஹாவர்டும் அவருடைய சக ஆய்வாளர்களும், முப்பது ஆண்டு ஆய்வுகளில் இருந்த 2,400க்கும் மேற்பட்டவர்களின் விவரங்களை ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். எட்டாவது சந்திப்புக்குள் ஏறக்குறைய பாதிப் பேரிடம் முன்னேற்றம் தெரிந்தது. 26ஆவது சந்திப்பில் அது 75 விழுக்காடானது. இதை வரைபடத்தாளில் வரைந்து பாருங்கள். கோடு முதலில் செங்குத்தாக ஏறும். பிறகு மெல்லப் படுக்கும். பின்னால் வந்த ஆய்வுகளில் எண்கள் மாறின. பாதிப் பேர் குணமடைவதற்குக் கூடுதல் சந்திப்புகள் தேவைப்பட்டன என்று காட்டியவையும் உண்டு. ஆனாலும் தொடக்கச் சந்திப்புகளிலேயே பலர் அதிகப் பலன் பெறுகிறார்கள் என்ற கருத்து நிலைத்துவிட்டது.

ஆக, ஆறு சந்திப்பு என்றால் உங்களைச் சீக்கிரம் அனுப்பிவிடப் பார்க்கிறார்கள் என்று எண்ண வேண்டாம். கோட்டின் செங்குத்தான பகுதியைப் பயன்படுத்திக்கொள்கிறார்கள்.

முதல் சந்திப்பு

பள்ளியில் ஒன்று அல்லது இரண்டு பாடவேளை. வெளியே உள்ள நிலையங்களில் 45 முதல் 60 நிமிடம். முதல் நாளில் நீங்கள் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டியதில்லை. அழ வேண்டும் என்பதும் இல்லை, அழுதாலும் தவறில்லை.

பேச்சைத் தொடங்கும் முன் ஆலோசகர் ரகசியம் பற்றிச் சொல்வார். சொல்லாவிட்டால் நீங்களே கேளுங்கள்: "நான் சொல்வது யாருக்கெல்லாம் தெரியவரும்?" இங்கே பேசுவதை வகுப்பு ஆசிரியரிடமோ நண்பர்களிடமோ பகிர்வது ஆலோசகரின் தொழில் நெறிக்கு எதிரானது. ஆனால் ரகசியத்துக்கு எல்லை உண்டு. உங்கள் உயிருக்கோ இன்னொருவர் உயிருக்கோ ஆபத்து என்றால், உங்களை யாராவது அடித்துத் துன்புறுத்தினால், பாலியல் தொல்லை தந்தால், நீதிமன்றம் கேட்டால், அவர் மற்றவர்களின் உதவியை நாடியே ஆக வேண்டும். அப்போதும் யாரிடம், எதைச் சொல்லப் போகிறார் என்பதை முடிந்தவரை உங்களிடம் முதலில் சொல்வார். காதல், மதிப்பெண், நண்பருடன் சண்டை, வீட்டில் ஓயாத வாக்குவாதம் போன்றவை பொதுவாக இந்த எல்லைக்குள் வருவதில்லை.

பிறகு கேள்விகள் வரும். தூக்கம் எப்படி? சாப்பாடு எப்படி? எப்போதிலிருந்து இப்படி இருக்கிறது? வீட்டில் யார் யார் இருக்கிறார்கள்? "சாக வேண்டும் என்று தோன்றியதுண்டா?" என்றுகூடக் கேட்கலாம். அதைக் கேட்டதும் பதற வேண்டாம். மருத்துவர் எல்லாருக்கும் இரத்த அழுத்தம் பார்ப்பதைப் போல, இதுவும் பொதுவாகக் கேட்கப்படும் கேள்வி. உண்மையைச் சொல்லுங்கள். அப்படிக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக யாருக்கும் முளைத்துவிடாது.

கடைசியாக ஓர் அளவுகோல் வரும். "பூஜ்யம் என்றால் மிக மோசம், பத்து என்றால் நினைத்தபடி எல்லாம் நடக்கிறது. இன்று நீங்கள் எங்கே நிற்கிறீர்கள்?" நீங்கள் மூன்று என்றால், "ஏன் பத்து இல்லை?" என்று ஆலோசகர் கேட்கமாட்டார். "ஏன் இரண்டுக்கு இறங்கவில்லை? உங்களைத் தாங்கிக்கொண்டிருப்பது எது? நான்குக்கு வந்தால் என்ன வித்தியாசம் தெரியும்?" என்று கேட்பார். அந்த நான்குதான் உங்கள் இருவரின் இலக்கு.

எந்த மொழியில் பேசுவது?

தமிழ்ப்பள்ளியிலிருந்து இடைநிலைப் பள்ளிக்கு வந்தவர்களுக்கு இது பெரிய கேள்வி. ஆலோசனை ஆசிரியருக்குத் தமிழ் தெரியாமல் இருக்கலாம். மலாய்மொழியில் சொல்லப் போனால் எல்லாமே "ஸ்ட்ரெஸ்" என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடும். வீட்டில் நாம் அப்படிப் பேசுவதில்லையே! "மனசு ஒரு மாதிரியா இருக்கு", "நெஞ்சு படபடங்குது", "தலை கனமா இருக்கு", "எதுலயும் ஒட்டமாட்டேங்குது" என்போம். இவை ஒவ்வொன்றும் வேறு வேறு செய்தி. நெஞ்சு படபடத்தால் பயமாக இருக்கலாம். எதிலும் மனம் ஒட்டாவிட்டால் அது சோர்வாக இருக்கலாம்.

உணர்ச்சிக்குச் சரியான பெயர் வைப்பதற்கு மூளையிலேயே பலன் உண்டு. 2007இல் மேத்யூ லீபர்மன் என்ற ஆய்வாளரின் குழு, கோபமும் பயமும் காட்டும் முகங்களின் படங்களைச் சிலருக்குக் காட்டி, அப்போது அவர்கள் மூளையை ஸ்கேன் செய்தது. "கோபம்", "பயம்" என்று அந்த உணர்ச்சிக்குப் பெயர் சொன்னபோது, ஆபத்தை உணர்ந்து எச்சரிக்கும் அமிக்டலா என்ற பகுதியின் துடிப்பு குறைந்தது. நெற்றிக்குப் பின்னால் உள்ள, நிதானிக்க உதவும் முன்மூளைப் பகுதி ஒன்று கூடுதலாகச் செயல்பட்டது.

ஆகவே தமிழில் தோன்றினால் முதலில் தமிழிலேயே ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். பிறகு கலந்து பேசுங்கள். மலாய் பாதி, ஆங்கிலம் பாதி, நடுவில் இரண்டு தமிழ்ச் சொற்கள் என்று இருந்தால் என்ன? அங்கே இலக்கணத்துக்கு மதிப்பெண் கிடையாது.

நடுவில் வரும் சந்திப்புகள்

ஒரு கற்பனை மாணவியை எடுத்துக்கொள்வோம். கிள்ளானில் படிவம் 4 படிக்கிறாள். எழுத்துத் தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்குவாள். வகுப்பின் முன் நின்று மலாய்மொழியில் பேச வேண்டிய நாளில் மட்டும் வயிற்றுவலி வந்துவிடும், பள்ளிக்குப் போகமாட்டாள். அடுத்த ஆண்டு எஸ்.பி.எம். பேச்சுத் தேர்வு காத்திருக்கிறது. வீட்டில் "சோம்பேறி" என்கிறார்கள்.

இரண்டாம் சந்திப்பில் ஆலோசகர் அவளோடு சேர்ந்து ஒரு சக்கரம் வரைகிறார். எண்ணம்: "என் உச்சரிப்பைக் கேட்டு எல்லாரும் சிரிப்பார்கள்." உணர்ச்சி: பயம். உடல்: படபடப்பு, வயிற்றுவலி. செயல்: வீட்டில் தங்கிவிடுவது. எண்ணம், உணர்ச்சி, செயல் மூன்றும் ஒன்றையொன்று சுழற்றும் என்பதை 1960களில் விரிவாக எடுத்துச் சொன்னவர்களில் முக்கியமானவர் அமெரிக்க மனநல மருத்துவர் ஆரன் பெக்.

இந்தச் சக்கரத்தைச் சுழலவைக்கும் எண்ணெய் எது தெரியுமா? நிம்மதிதான். "இன்று போக வேண்டாம்" என்று முடிவு செய்த அந்த நொடியிலேயே வயிற்றுவலி குறைகிறது. தப்பித்ததால்தான் நிம்மதி கிடைத்தது என்று மூளை பாடம் கற்றுக்கொள்கிறது. அடுத்த முறை இன்னும் விரைவாகப் பயத்தை எழுப்புகிறது. சிரிப்பார்களா மாட்டார்களா என்று சோதித்துப் பார்க்கும் வாய்ப்பே அவளுக்குக் கிடைப்பதில்லை. இதில் சோம்பலுக்கு இடமே இல்லை. அவளுடைய மூளை தப்பான பாடத்தை மிக நன்றாகப் படித்துவிட்டது, அவ்வளவுதான்.

பாடத்தை மாற்ற ஏணி போடுகிறார்கள். முதல் படி, கைப்பேசியில் தனியாக இரண்டு நிமிடம் பேசிப் பதிவு செய்வது. அடுத்து, ஒரு தோழியின் முன் பேசுவது. பிறகு வகுப்பில் கை தூக்கி ஒரே ஒரு கேள்வி கேட்பது. அதன் பிறகு நான்கு பேர் கொண்ட குழுவில் பேசுவது. ஒவ்வொரு படிக்கும் முன் அவள் ஓர் ஊகத்தை எழுத வேண்டும்: "இத்தனை பேர் சிரிப்பார்கள்." முடிந்ததும், உண்மையில் எத்தனை பேர் சிரித்தார்கள் என்று எண்ணி எழுத வேண்டும். அறிவியல் கூடத்தில் கருதுகோள் எழுதிச் சோதித்துப் பார்ப்பீர்களே, அதே வேலைதான். ஊகத்துக்கும் எண்ணிக்கைக்கும் உள்ள இடைவெளியை அவள் தன் கையெழுத்திலேயே பார்ப்பாள். யாராவது ஒருவன் சிரித்தாலும் சிரிப்பான். சிரித்த பிறகும் தான் பேசி முடித்ததையும் அவள் பார்ப்பாள்.

இந்தப் படிகளில் எதுவுமே ஆலோசனை அறையில் நடக்கவில்லை என்பதைக் கவனித்தீர்களா? சந்திப்பு வாரத்தில் ஒரு மணி நேரம். மீதி 167 மணி நேரமும் வெளியேதான். அறையில் திட்டம் போடுகிறீர்கள். உண்மையான வேலை இரண்டு சந்திப்புகளுக்கு நடுவில் நடக்கிறது. குறுகிய கால ஆலோசனை குறுகியதாக இருக்க முடிவது இதனால்தான். வீட்டுப்பாடத்தைச் செய்யாமல் ஆறு முறை வந்து பேசிவிட்டுப் போனால் அந்த நேரத்துக்கு மனம் லேசாகும், சக்கரம் மாறாது.

டெல்லிப் பள்ளிகளில் ஒரு சோதனை

பள்ளியிலேயே, சில வாரங்களில் நடக்கும் ஆலோசனை பலன் தருமா? புதுடெல்லியின் ஆறு அரசுப் பள்ளிகளில் 251 மாணவர்களைக் கொண்டு இதைச் சோதித்தார்கள். முடிவு 2020இல் வெளியானது. ஒரு பிரிவினருக்குப் பிரச்சினையைத் தீர்க்கும் வழிகளைச் சொல்லும் சிறு புத்தகங்கள் மட்டும் கிடைத்தன. மற்றப் பிரிவினருக்குப் புத்தகங்களோடு, பயிற்சி பெற்ற ஆலோசகரைச் சுமார் மூன்று வாரங்களில் நான்கைந்து முறை சந்திக்கும் வாய்ப்பும் கிடைத்தது. அந்த ஆலோசகர்கள் மனநல மருத்துவர்கள் அல்லர். இதற்கென்றே பயிற்சி பெற்ற பட்டதாரிகள்.

சொல்லிக்கொடுத்த முறையும் எளியது. பிரச்சினையைத் தேர்ந்தெடு, வழிகளை எழுதிப் பார், ஒன்றைச் செய்து பார். ஆறாவது வாரத்தில், மாணவர்கள் தாமே "என் பிரச்சினை" என்று குறிப்பிட்டவற்றில் ஆலோசகரைச் சந்தித்தவர்கள் கூடுதல் முன்னேற்றம் கண்டிருந்தார்கள். பொதுவான மனநல அறிகுறிகளை அளக்கும் இன்னொரு வினாப்பட்டியலில் அப்போது தெளிவான வேறுபாடு தெரியவில்லை. இரண்டு முடிவுகளையும் சேர்த்தே படியுங்கள். சில வார ஆலோசனை உங்கள் முழு வாழ்க்கையையும் மாற்றிவிடாது. நீங்கள் கைகாட்டிய அந்த ஒரு பிரச்சினையை நகர்த்துவதற்கு அது உதவும்.

இவற்றை எதிர்பார்க்காதீர்கள்

ஆலோசகர் அறிவுரை சொல்லமாட்டார். சொன்னாலும் மிகக் குறைவு. "நான் என்ன செய்யட்டும்?" என்று கேட்டால் கேள்வி பெரும்பாலும் உங்களிடமே திரும்பி வரும். எரிச்சலாக இருக்கும். ஆனால் அவர் சொல்லி நீங்கள் செய்தது அவருடைய தீர்வு. நீங்களே கண்டது ஏழாவது வாரத்திலும் உங்களோடு இருக்கும்.

மாத்திரை தரமாட்டார். மருந்து எழுதுவது மருத்துவரின் வேலை. உங்கள் பெற்றோரையோ ஆசிரியரையோ மாற்றித் தரவும் மாட்டார். முதல் இரண்டு சந்திப்புகளுக்குப் பிறகு மனம் இன்னும் பாரமாகத் தோன்றலாம். மூடி வைத்த பெட்டியைத் திறந்தால் தூசி பறக்கத்தானே செய்யும்? பெரும்பாலும் அது சில நாளில் அடங்கும். அடங்காவிட்டால் அடுத்த சந்திப்புவரை காத்திருக்காமல் சொல்லுங்கள்.

"எனக்கு இவரோடு ஒத்துவரவில்லை" என்றும் தோன்றலாம். எட்வர்ட் போர்டின் என்ற உளவியலாளர் 1979இல் மூன்று விஷயங்களை வலியுறுத்தினார்: இருவருக்கும் இடையே நம்பிக்கை இருக்க வேண்டும், இலக்கில் உடன்பாடு இருக்க வேண்டும், அதற்கு என்ன செய்வது என்பதிலும் உடன்பாடு இருக்க வேண்டும். இவற்றில் ஒன்று இல்லாவிட்டாலும் வேலை ஓடாது. மூன்றாவது சந்திப்பு வந்தும் அளவுகோல் அசையவில்லையென்றால், "டீச்சர், இது எனக்குப் பயன்படுவது மாதிரி தெரியவில்லை" என்று சொல்லலாம். அது மரியாதைக் குறைவு ஆகாது. முன்னேற்றம் இருக்கிறதா என்று அடிக்கடி கேட்டு அதற்கேற்ப மாற்றிக்கொள்ளும்போது, பின்தங்கிப் போகிறவர்களுக்குப் பலன் கூடுகிறது என்று மைக்கேல் லாம்பெர்ட் போன்றவர்களின் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

எல்லாருக்கும் ஆறு சந்திப்பு போதாது என்பதும் உண்மை. நீண்ட நாள் வன்முறைக்கு ஆளானவர்கள், சாப்பிடவும் தூங்கவும் முடியாத அளவுக்குச் சோர்ந்தவர்கள், யாரும் பேசாதபோது குரல் கேட்பவர்கள், தம்மைத் தாமே காயப்படுத்திக்கொள்பவர்கள் ஆகியோருக்கு மருத்துவரின் உதவியும் நீண்ட காலச் சிகிச்சையும் தேவைப்படும். நல்ல ஆலோசகர் அதை உணர்ந்து உங்களை அங்கே அனுப்புவார். அனுப்பினால் கைவிட்டுவிட்டார் என்று நினைக்காதீர்கள்.

கடைசிச் சந்திப்பு

முடிவு வரும் என்பது முதல் நாளிலேயே இருவருக்கும் தெரியும். கடைசி நாளில் மறுபடியும் அதே அளவுகோல். மூன்றில் தொடங்கியவர் ஆறில் நிற்கலாம். பத்துக்கு வந்த பிறகுதான் முடிக்க வேண்டும் என்ற விதி இல்லை. எது உதவியது, மறுபடியும் சறுக்கினால் முதலில் தெரியும் அறிகுறி என்ன, அப்போது யாரிடம் பேசுவது என்று ஒரு பக்கத்தில் எழுதிக்கொள்வீர்கள். தேவைப்பட்டால் சில மாதம் கழித்துத் திரும்பி வரலாம்.

எங்கே போவது?

முதல் இடம் உங்கள் பள்ளிதான், கட்டணம் கிடையாது. பள்ளியில் பேச விருப்பமில்லை என்றால் அருகிலுள்ள அரசாங்க சுகாதாரக் கிளினிக்குக்குப் பெற்றோருடன் போகலாம். தேவைப்பட்டால் அங்கிருந்து மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். கிள்ளானில் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனையிலும், பிரிக்பீல்ட்ஸ் பக்கம் இருப்பவர்களுக்கு எட்டும் தூரத்தில் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையத்திலும் மனநலப் பிரிவு உண்டு. 18 வயதுக்குக் கீழ் இருந்தால் இத்தகைய இடங்களில் பொதுவாகப் பெற்றோரின் சம்மதம் கேட்பார்கள்.

தனியார் நிலையம் என்றால் கட்டணத்தை முதலிலேயே கேளுங்கள். 1998ஆம் ஆண்டு ஆலோசகர்கள் சட்டத்தின்படி, பதிவு பெற்றவர்கள் மட்டுமே மலேசியாவில் "கவுன்சலர்" என்று தம்மை அழைத்துக்கொண்டு தொழில் நடத்தலாம். பெயருக்குப் பின்னால் "கே.பி., பி.ஏ." என்ற எழுத்துகள் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

நேரில் போகத் தயக்கமா? 1970 முதல் இயங்கிவரும் பிஃப்ரெண்டர்ஸ் கோலாலம்பூர் அமைப்பை 03-7627 2929 என்ற எண்ணில் எந்த நேரமும் அழைக்கலாம். அரசாங்கத்தின் தாலியான் காசே எண் 15999. அடுக்குமாடி வீட்டில் பேசினால் எல்லாருக்கும் கேட்குமே என்றால், கீழே விளையாட்டுத் திடலுக்கு இறங்கிப் போய்ப் பேசுங்கள். உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் 999ஐ அழையுங்கள். அருகிலுள்ள பெரியவர் ஒருவரிடம் உடனே சொல்லுங்கள். தற்கொலை முயற்சியைக் குற்றமாகக் கருதிய தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவை நம் நாடாளுமன்றம் 2023இல் நீக்கிவிட்டது. போலீஸ் வருமே என்ற பயத்தில் நண்பரின் ஆபத்தை யாரும் மறைக்க வேண்டியதில்லை.

கதவைத் தட்டியதும் என்ன சொல்வது என்று தெரியவில்லையா? பிரச்சினையை வாசலிலேயே விளக்க வேண்டாம். "சிக்கு, உங்களிடம் அரை மணி நேரம் தனியாகப் பேச வேண்டும். எப்போது வரலாம்?" இவ்வளவு போதும். மற்றக் கேள்விகளைக் கேட்பது அவருடைய வேலை.